ஷிஜோவுக்குப் பதினேழு

பெனிஸ் தன் பெயரைத்தான் முதலில் தேடினான். ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் ஷைனா பாட்டுப் பயிற்சிக்காக மாதா கோயிலிலேயே தங்கிவிட்டாள். அவளுடைய லேப்டாப்பில் அந்தக் கால்பந்து மேனேஜர் விளையாட்டு திறந்தே கிடந்தது. போன மழைக்கு, வீட்டுக்குள் பேச்சுத்துணைக்கு ஆகட்டும் என்று அவன்தான் அதை மனைவிக்குக் கற்றுக்கொடுத்தான். யாரை எங்கே நிறுத்துவது, எந்த ஆட்டக்காரனுக்கு எந்தத் திறமையில் இருபதுக்கு எத்தனை என்று பார்ப்பது, எல்லாம். இப்போது அவள், அவன் ஞாயிறுதோறும் ஆடும் எஸ்டேட் டீமையே உள்ளே கொண்டுவந்து, ஒவ்வொருவருக்கும் தானே நம்பர் போட்டிருந்தாள்.

பெனிஸ், முன்வரிசை. கோல் அடிப்பது பதினான்கு. நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. வேகம் ஒன்பது. சரி, அதற்கு அவள் சமையல்தான் காரணம். சேர்ந்து ஆடுவது ஆறு. அந்த ஆறைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதோடு மூடியிருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே. நடுவில் ஆடும் ஷிஜோவைத் திறந்தான். ஃபேக்டரி எலக்ட்ரீஷியன், அடுத்த லைன் வீட்டுக்காரன், இன்னும் கல்யாணம் ஆகாதவன். பாஸ் கொடுப்பது பதினேழு. நிதானம் பதினாறு. இடது கால் கொஞ்சம் மட்டம், இரண்டாம் பாதியில் களைத்துவிடுவான் என்பதுவரை குறித்திருந்தாள். பெனிஸுக்கு வயிறு எரிந்தது. நம்பருக்காக இல்லை. ஒருத்தனின் இடது காலை இவ்வளவு தெரிந்துகொள்ள, எத்தனை ஞாயிறு அவன்மேலேயே கண்ணை வைத்திருக்க வேண்டும்? மைதானத்து மேட்டில் குடை பிடித்து அவள் உட்கார்ந்திருந்ததெல்லாம் தனக்காக என்றல்லவா நினைத்திருந்தான். கோல் போட்டதும் அந்தப் பக்கம் பார்த்துத்தான் கையாட்டுவான்.

நம்பர்களை மாற்றும் எடிட்டரைத் திறந்து பதினேழை ஏழாக்கினான். நிதானத்தை ஐந்தாக்கினான். முப்பத்திரண்டு வயது ஆள் செய்கிற வேலையா இது என்று அவனுக்கே தோன்றியது. ஆனாலும் செய்து முடித்ததும் மனசு லேசாகிவிட்டது.

ஷைனா நனைந்து வந்து, தலையைத் துவட்டி, டீயோடு விளையாட உட்கார்ந்தாள். அவன் போனை நோண்டுவதுபோலப் பக்கத்தில் இருந்தான். ஷிஜோ கொடுத்த பந்தெல்லாம் எதிரணிக் காலுக்கே போனது. முதல் மேட்ச் தோல்வி. இரண்டாவதும் தோல்வி. பெனிஸுக்கு உள்ளுக்குள் சிரிப்பு. மூன்றாவதும் தோற்றதும் அவள் கையைக் கட்டிக்கொண்டு யோசித்தாள்.

“ஏனுங்க, மூணு மேட்ச்சா நீங்க பந்தத் தொடவே இல்லீங்களே.”

“பந்து வந்தாத்தான தொட முடியும்? அந்த ஷிஜோவத் தூக்கிட்டு வேற ஆளப் போடு.”

“அவரு அப்படி ஆடற ஆளில்லீங்க. என்னமோ நேரம் சரியில்ல. தானா வந்துருவாரு.”

“அவன் நம்பரப் பாத்தியா நீ?” கேட்டபிறகுதான் அவனுக்குத் திக்கென்றது.

“அதை எதுக்குங்க பாக்கோணும்? நான் போட்டதுதான.”

பெனிஸ் போனை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டான். மேலே பேசினால் செய்ததைச் சொல்ல வேண்டும். ஷைனா அவன் பெயரைப் பிடித்து மெல்லக் கீழே இழுத்து, மாற்று ஆட்டக்காரர்கள் வரிசையில் விட்டாள். அந்த இடத்தில் சசிதரனைப் போட்டாள்.

“கோவிச்சுக்காதீங்க. ஒரு மேட்ச்தான்.”

ஆட்டம் தொடங்கியது. ஷிஜோ முதல் பந்தையே எதிரணிக்காரனிடம் கொடுத்தான். ஷைனா டீயைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோனாள்.

“பரவால்ல, ஷிஜோ,” என்றாள் மெதுவாக. “பரவால்ல.”