மூலைக்குத் தள்ளிய அறை

12 நவம்பர் 1986, புதன்

வரைபடத்தில் ஒரு சிறு பிழை விட்டேன். ஓர் அறையைப் பதினான்கு அடி தள்ளி மூலையில் வரைந்துவிட்டேன்.

எழுதியதை வாசித்துப் பார்க்கிறேன். பிழை என்பதும் சரியில்லை. நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். கிங்ஸ்பரியில் எங்கள் ஆட்கள் வாங்கிய பழைய தேவாலய மண்டபத்தைக் கோயிலாக்க, நகரக் கவுன்சிலின் அனுமதிக்கு வரைபடம் வேண்டும். மாலை வகுப்பில் கட்டட வரைதல் படிக்கிறேன் என்பதால் என்னிடம் கேட்டார்கள். நடுவே மூலஸ்தானம், சுற்றிக் கும்பிட நாலு பக்கமும் வீதி என்று அளந்து பென்சிலால் வரைந்திருந்தேன். நேற்று வகுப்பில் வெள்ளைக்கார ஆசிரியர் குனிந்து, நடுவில் சன்னல் இல்லாத இந்தச் சின்ன அறை எதற்கு என்று கேட்டார். பக்கத்து மேசைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். "ஸ்டோர்" என்றேன். ஸ்டோர் என்றால் மூலையில் வை, இடம் மிச்சமாகும் என்றார். அவர் முன்னாலேயே அழித்து, தள்ளி, மையால் வரைந்து, "ஸ்டோர்" என்று எழுதினேன். நன்றாக இருக்கிறது என்றார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

இன்று மாலை, கோயில் செயலாளர் சிவனேஸ்வரி அக்கா வீட்டில் அந்தத் தாளை அப்படியே விரித்தேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினார்.

"தம்பி, பிள்ளையார் எங்கை?"

மூலையில் விரல் வைத்தேன்.

"ஸ்டோரிலையோ? அரிசி மூட்டையோடையோ?"

"மோதகத்துக்குக் கிட்ட இருக்கட்டுமெண்டு விட்டிட்டார் போல," என்று அவருடைய கணவர் அம்பலவாணன் அண்ணை சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. அவர் விரல் அறையைச் சுற்றப் போய், இரண்டு தரம் சுவரில் முட்டி நின்றது.

"சுத்திக் கும்பிட வழியில்லையே, தம்பி?"

"கவுன்சில் விடாதாம், அக்கா."

கவுன்சிலில் நான் ஒருவரையும் கேட்டதில்லை.

அக்கா கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "அப்ப சரி. அவையின்ரை நாடு. ஒரு மூலையிலையாவது இருக்க விடுகினமே." வெள்ளிக்கிழமை கவுன்சிலுக்குக் கொடுக்க வேண்டியது என்று தாளைக் கசங்காமல் சுருட்டி, சாமிப் படத்துக்குக் கீழே வைத்தார். தேத்தண்ணீர் தந்தார். குடித்தேன்.

நாளை: வேலைக்கு முன் அக்கா வீடு. கவுன்சிலைக் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டும். தாளைத் திருப்பி வாங்க வேண்டும். மை ரப்பருக்கு அழியாது. புதுப் பிளேடு வாங்கிச் சுரண்ட வேண்டும். அறையை நடுவில் வைத்து, நாலு பக்கமும் நாலடி விட வேண்டும்.