பட்டியலில் இல்லாத கொட்டகை

அந்தத் தையல் ஆலையில் அவள் செக்கர். தைத்து வரும் சட்டைகளை விளக்கடியில் விரித்துப் பிழை பார்ப்பது வேலை. அன்று, சட்டைகளை வாங்கும் கம்பெனியிலிருந்து ஆய்வாளர் வருவதாக இருந்தது. காலையிலேயே மேனேஜர் எல்லோரையும் நிற்கவைத்துப் பாடம் ஒப்பிக்கச் சொன்னார்.

"எங்க தைக்கிறீங்கன்னு கேட்டா?"

"இங்கதான் சார்!"

"எல்லாமேவா?"

"எல்லாமே சார்!"

எதைக் கேட்டாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்வதால் அவருக்கு 'நாளை சார்' என்று பட்டப்பெயர். அன்றைக்கு மட்டும் எல்லாம் உடனே நடந்தது. மாதக்கணக்கில் பெட்டிகளால் அடைபட்டுக் கிடந்த அவசர வழி திறந்தது. கழிப்பறைக்குச் சோப்புகூட வந்தது.

செக்கரும் மற்றவர்களோடு ஒப்பித்தாள். ஆனால் சட்டைக் கழுத்தில் மணி வைத்துத் தைக்கும் வேலை அங்கே நடக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு தகரக் கொட்டகையில் நடந்தது. தைக்கும் இடங்கள் என்று கம்பெனிக்குக் கொடுத்த பட்டியலில் அந்தக் கொட்டகை இல்லை. பதினெட்டுப் பெண்கள், ஒரே கதவு. அதையும் வெளியே பூட்டிவிடுவார்கள். அந்தப் பதினெட்டில் ஒருத்தி அவளுடைய அக்கா. போன வாரம் சுவிட்சுப் பெட்டி புகைந்தபோது, சாவிக்காரனைத் தேடிப் பிடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. "நல்லவேளை, புகையோட நின்னுச்சுடி" என்று அக்கா சிரித்தாள். தங்கைக்குத்தான் அதிலிருந்து தூக்கம் போயிற்று.

ஆய்வாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. ஒரு சட்டையை எடுத்துக் கழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது கைவேலையாச்சே. மணி தைக்கிற மேசை ஒண்ணுகூடக் காணோமே?"

"அது மாடில மேடம்," என்றார் மேனேஜர்.

"மாடியப் பார்த்துட்டேன். வெறும் அட்டைப்பெட்டிதான் இருக்கு."

இப்போது விட்டால் இனி வாய் திறக்கமாட்டோம் என்று செக்கருக்குத் தோன்றியது.

"நான் காட்டறேன் மேடம். ஆனா ஆர்டர நிறுத்திட்டுப் போயிடாதீங்க. மணி தைக்கிற பதினெட்டு பேரும் நடுத்தெருவுக்கு வந்துடுவாங்க."

"முடிவு என் கையில மட்டும் இல்லம்மா. நீங்க சொன்னத அப்படியே எழுதறேன். அதுக்கு நான் பொறுப்பு."

சாவிக்காரன் வந்து கொட்டகைப் பூட்டைத் திறந்ததும் அக்கா தங்கையைப் பார்த்தாள், பின்னால் நின்ற ஆய்வாளரைப் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேடி!"

"உன்ன உள்ள வச்சுப் பூட்டினது நான் இல்லக்கா."

அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. ஆலையிலும் நிம்மதி இல்லை. ஆர்டர் போகப்போகிறது என்று ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். மேனேஜர் அவளைப் பிசிறு வெட்டும் மூலைக்கு மாற்றினார். பதினோரு நாள் குனிந்த தலை நிமிராமல் நூலை வெட்டினாள். சொன்னது தப்போ என்று ஒருமுறை நினைத்தாள். கொட்டகைப் பூட்டு கண்முன் வந்தது. தப்பில்லை.

பன்னிரண்டாம் நாள் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஆர்டர் நிற்காது. ஆனால் கொட்டகையை மூட வேண்டும். பதினெட்டுப் பேரையும் ஆலைத் தொழிலாளர்களாகவே சேர்க்க வேண்டும். உண்மை சொன்னவளைப் பழைய வேலையிலேயே வைக்க வேண்டும். அதற்காகச் சரக்கு அனுப்ப ஒரு மாதம் கூடுதல் அவகாசம். முதலாளி முகம் சுளித்தார். அடுத்த வருட ஆர்டரை நினைத்துச் சம்மதித்தார். மாடியிலிருந்த அட்டைப்பெட்டிகள் கீழே இறங்கின; மணி தைக்கும் மேசைகள் மேலே ஏறின.

புது இடத்துக்கு வந்த முதல் நாள், அக்கா நேராகப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். "காத்து நல்லா வருது," என்றாள்.

பக்கத்தில் வந்து நின்ற தங்கை கேட்டாள்: "எங்கிட்டப் பேசமாட்டேன்னு சொன்னியாமே?"

"உங்கிட்ட யாரு பேசினா? நான் ஜன்னல்கிட்டப் பேசறேன்."

சொல்லிவிட்டு அக்காவாலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை. மத்தியானம் இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள்.