தலைவலிக்குப் படுக்கை இல்லை

மலாயாவில் கிள்ளான் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்தில் தலைவலி என்று ஒரு நோயே கிடையாது. காலைப் பிரட்டில் பேர் கூப்பிடும்போது எவனாவது தலையைப் பிடித்துக்கொண்டு வரிசையை விட்டு விலகினால், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரசர் கனகலிங்கம் கண்ணெதிரே ஒரு அவுன்ஸ் விளக்கெண்ணெயைக் குடிக்க வைத்து வேலைக்காட்டுக்கு விரட்டிவிடுவார். தலைவலி சோம்பேறிகளுக்கு வருவது என்பது அவர் படித்த வைத்தியம்.

பக்கிரிசாமி மூன்று மாதம் விளக்கெண்ணெய் குடித்தான். பால் வெட்டப் போனால் ஒரு மரம் இரண்டாகத் தெரிகிறது என்றான். விடிந்தால் வாந்தி. மாதம் ஒருமுறை வருகிற வெள்ளைக்கார டாக்டரிடம் ஒரே ஒரு தடவை தலையைக் காட்டிவிட வேண்டும் என்று என்னிடம் கெஞ்சினான். டாக்டரோ படுக்கையில் கிடப்பவர்களை மட்டும்தான் பார்ப்பார்.

நான் அதே ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டுகிறவன். பெரிய மேதாவி மாதிரி யோசனை சொன்னேன்.

"வயித்தால ரத்தமா போவுதுன்னு சொல்லு. சீக்கு பரவிடும்னு பயந்து உடனே படுக்க வச்சிருவாங்க. டாக்டர் வந்ததும் தலையச் சொல்லிக்க."

படுக்கை கிடைத்தது. மலச்சட்டியைக் கொட்டுகிறவன் நான். ரத்தம் என்று நான் சொன்னால் ரத்தம்தான். அவனுடைய வாந்தியும் பொய்க்குத் துணை நின்றது.

எட்டாம் நாள் டாக்டர் வந்தார். என்ன செய்கிறது என்று அரைகுறைத் தமிழில் கேட்டார். பக்கிரிசாமி "தலை" என்று கையைத் தலைக்குக் கொண்டுபோனான். டிரசர் திரும்பி என்னைப் பார்த்தார். பொய் வெளிப்பட்டால் என் சீட்டு கிழிந்துவிடும்.

"வயிறுதான் தொரை. காய்ச்சல்ல உளறுறான்" என்று நான் முந்திக்கொண்டேன்.

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பக்கிரிசாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் பாவி, திட்டவில்லை.

அடுத்த முறை டாக்டர் வருவதற்குள் அவனுக்கு இரண்டு கண்ணும் போய், உயிரும் போய்விட்டது. பதிவேட்டில் சீதபேதி என்று எழுதினார்கள். கனகலிங்கத்தை மனதுக்குள் திட்டித் திட்டித்தான் அன்று முதல் எனக்குச் சோறு இறங்குகிறது.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது அவன் பெண்டாட்டி மாரியாயி லயத்து வாசலில் என்னை மறித்தாள்.

"நீங்க கூடவே இருந்தீங்களே அண்ணே. அவருக்குத் தலையிலதான சீக்கு? வயிறுன்னு எழுதிட்டாங்களாமே."

அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"வயிறுதான் தங்கச்சி."