பெயிண்ட் வாளியும் ஒரு ஜோடி ஷூவும்

நான் கோபக்காரன். பிள்ளையார்பாளையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். "கதிர்வேலுவா? நெசவுல கை சுத்தம், ஆனா மூக்குமேல கோவம்." இரண்டுமே உண்மைதான். ஆனால் அன்றைக்குக் காலையில் நான் செய்ததற்குக் கோபம் என்று பெயர் வைக்க எனக்கே வாய் வரவில்லை.

கார்த்திகை மாதம். ஒன்பது நாளாக மழை விடவில்லை. குளித்து விபூதி பூசிக்கொண்டு தறி அறைக்குள் கால் வைக்கிறேன், கதவோரம் பேப்பர் விரித்து அதன்மேல் ஒரு ஜோடி ஷூ! என் மகள் ஏலவார்குழலியுடையது. தறியில் முகூர்த்தப் புடவை பாதி நெய்தபடி நிற்கிறது. எங்கள் வீட்டில் தறி இருக்கும் இடத்துக்குள் செருப்பு நுழைந்ததே இல்லை. என்னைப் பொறுத்தவரை அது சாமி இருக்கிற இடம். எனக்குக் கண் மண் தெரியவில்லை. இரண்டையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து வீசினேன். தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். ஒரு ஷூ அங்கேயே மூழ்கியது. இன்னொன்று மிதந்து எதிர்வீட்டு லோகேஸ்வரன் படிவரைக்கும் போய்விட்டது.

"ஐயோ, இன்னாங்க பண்ணிட்டீங்க!" என் மனைவி காவேரி தலையில் அடித்துக்கொண்டாள். "புள்ள வேலையே அதுலதான் இருக்குது!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குழலி செல்போன் செய்கிற ஒரு கம்பெனியில் பயிற்சியில் இருக்கிறாள். கம்பெனி கொடுத்த ஷூவைப் போட்டுக்கொண்டு தினமும் ஓர் இரும்புத் தகட்டின்மேல் நின்றுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உடம்பில் சேருகிற மின்சாரம் ஷூ வழியாக அளவாக இறங்குகிறதா என்று அது பார்க்குமாம். பச்சை விளக்கு எரிந்தால் வேலை. ஷூ ஈரமாக இருந்தால் சிவப்பு விளக்கு. பயிற்சியில் இருப்பவர்களுக்கு மூன்று சிவப்பு விழுந்தால் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள். போன வாரம் வெள்ளத்தில் ஷூவோடு நடந்து வந்து, அது காயாமலே போய் அவள் இரண்டு சிவப்பு வாங்கியிருந்தாள். வேலை நிரந்தரமாக இன்னும் எட்டே நாள். மாற்று ஜோடி கேட்டால் பத்து நாள் ஆகும் என்று சொல்லிவிட்டார்களாம். மிச்சமிருந்த ஈரமும் போகட்டும் என்று தறி அறையில் வைத்திருக்கிறாள். தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கும் பாவு நூலில் ஈரம் ஏறாமல் இருக்க, கால்மிதி இருக்கும் தறிக்குழிக்குள் நான் எந்நேரமும் ஒரு குண்டு பல்பு எரியவிடுவேன். வீட்டிலேயே காய்ந்த இடம் அது ஒன்றுதான்.

மணி ஆறரை. பகல் ஒரு மணிக்கு அவளுக்குக் கம்பெனி பஸ்.

சத்தம் கேட்டுக் குழலி எழுந்து வந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை கத்திவிட்டுத் தப்பித்திருப்பேன். அவள் பேண்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு தெருவில் இறங்கி, இரண்டையும் பொறுக்கி வந்து, நல்ல தண்ணீரில் அலசி, பழைய துணியில் சுற்றி ஏறி நின்று மிதித்து ஈரத்தை எடுத்தாள்.

நான் ஓடிப்போய் அடுப்பைப் பற்றவைத்தேன். "இங்க குடு, நெருப்புல காட்டறேன்."

"அப்பா! சூடு பட்டா அடியில இருக்கற பிசின் வுட்டுடும். லேசான சூடு, நெறைய காத்து, அவ்ளோதான் வேணும். நீ கொஞ்சம் ஓரமா ஒக்காருப்பா."

ஓரமாக உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய?

பாலிடெக்னிக்கில் படித்தவள்தான். ஆனாலும் அன்றைக்கு அவள் கை ஓடிய வேகம் இருக்கிறதே, அடேயப்பா! காலிப் பெயிண்ட் வாளி ஒன்றை எடுத்தாள். கெட்டுப்போன கம்ப்யூட்டரிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஃபேனைக் கழற்றி வாளியின் பக்கத்தில் ஓட்டை போட்டுப் பொருத்தினாள். மூடியில் இரண்டு ஓட்டை, அதில் பாத்ரூம் வேலையில் மிஞ்சிய பைப் துண்டு இரண்டு. பைப்பின் மேலே பழுக்கக் காய்ச்சிய ஆணியால் சின்னச் சின்னத் துளைகள். ஷூவைக் கவிழ்த்துப் பைப்பில் மாட்டினால் காற்று விரல் நுனிவரைக்கும் போகும். உள்ளே சூட்டுக்கு ஒரு குண்டு பல்பு வேண்டும். எங்கள் வீட்டில் மற்றதெல்லாம் எல்இடி. அவள் வாய் திறந்து கேட்கவில்லை. நானே குழிக்குள் இறங்கிக் கழற்றிக்கொண்டு வந்தேன்.

"பாவு ஈரம் இழுக்காதாப்பா?"

"அது என் கவல. பேசாம ஷூவ உள்ளயே கொண்டாந்து வெச்சிக்கோ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"வேணாம்பா. அது உன் எடம். காலைல நான் வெச்சதுதான் தப்பு."

வேலையே போகப்போகிற நேரத்தில் இப்படிச் சொல்லுகிற பெண்ணை நான் எங்கேயும் பார்த்ததில்லை. தப்பு என்னுடையது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

வாளி முனகிக்கொண்டு ஓடியது. எட்டு மணிக்கெல்லாம் ஷூவுக்குள்ளிருந்து வெதுவெதுப்பாக ஆவி வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எதிர்வீட்டு லோகேஸ்வரனைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்றுகூட யோசித்தேன். ஒன்பதரைக்குக் கரண்ட் போய்விட்டது. டிரான்ஸ்ஃபார்மரைத் தண்ணீர் சூழ்ந்துவிட்டதாம், சாயங்காலம்தான் வருமாம்.

குழலி ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தாள். போச்சு என்றுதான் நான் நினைத்தேன். அவள் கண், குறுக்கே ஓட்டும் ஊடைநூலைச் சுற்றுகிற ராட்டைமேல் நின்றது.

"அப்பா, உன் ராட்டைய எடுத்துக்கலாமா?"

"கேக்கணுமா? எடும்மா!"

ஃபேனின் இறக்கையை மட்டும் பிடுங்கி ராட்டையின் கம்பியில் செருகினாள். வாளியின் ஓட்டையை அதற்கு நேரே வைத்தாள். சக்கரத்தைச் சுற்றினால் காற்று சும்மா பிய்த்துக்கொண்டு போகிறது! சூட்டுக்கு வழி சொன்னது காவேரி. கல்லுப்பை வறுத்து, ஒத்தடத்துக்குக் கட்டுவதுபோல் துணியில் முடிந்து, வாளிக்குள் கட்டித் தொங்கவிட்டாள். ஆற ஆற அடுத்த முடிச்சு தயார்.

சக்கரம் என் கையில்.

"வேகமா வேணாம்பா, ஒரே சீரா சுத்து."

"யாருக்குடி சொல்லிக் குடுக்கற? சீரா சுத்தறதுதான் எனக்குச் சோறு போடுது!"

அவள் சிரித்துவிட்டாள். அன்றைக்கு முதல் சிரிப்பு.

மூன்று மணி நேரம் சுற்றினேன். தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. அவள் கை மாற்றிவிடுகிறேன் என்றபோதெல்லாம் விரட்டினேன். நடுநடுவே ஷூவுக்குள்ளிருக்கும் மெத்தையை எடுத்து என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். பட்டு நூல் காய்ந்துவிட்டதா என்று நான் அப்படித்தான் பார்ப்பேன். காப்புக் காய்ச்சிய விரலுக்குத் தெரியாத ஈரம் கன்னத்துக்குத் தெரியும். பதினொன்றுக்குச் சில்லென்று இருந்தது. பன்னிரண்டுக்கும் கொஞ்சம் சில். பன்னிரண்டே முக்காலுக்கு வைத்தேன், ஒன்றும் இல்லை. காய்ந்த துணி.

"காஞ்சிடுச்சிடி!" என்று கத்தினேன்.

ஆனால் பஸ் நிற்கும் இடம்வரைக்கும் தெருவில் தண்ணீர். மழையும் தூறிக்கொண்டே இருந்தது. அவள் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு ஷூவைப் பிளாஸ்டிக் பைக்குள் வைக்கப்போனாள். நான் அதை வாங்கிக்கொண்டேன். நெய்து முடித்த புடவையைக் கொண்டுபோகச் சுற்றுகிற வெள்ளை வேட்டியில் சுற்றினேன், அதன்மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றினேன், தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். குழலி குடையை எனக்குப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

லோகேஸ்வரன் படியில் நின்றுகொண்டிருந்தான். "இன்னா கதிர்வேலு, இந்த மழையில பொடவ எடுத்துக்கினு போற?"

"பொடவ இல்லபா. என் பொண்ணு ஷூ."

அவன் வாயைப் பிளந்தான். பிளக்கட்டும்.

பஸ் படியில் துணியைப் பிரித்துக் கொடுத்தேன். உள்ளே உட்கார்ந்து, காலை ஈரம் போகத் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டாள். பஸ் போய்விட்டது.

சிவப்பு விழுந்தால் மூன்று மணிக்குள் திரும்பி வந்துவிடுவாள். தெருவில் ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடி எட்டிப் பார்த்தேன். தறியில் உட்காரவே முடியவில்லை. நாலரைக்குப் போன் வந்தது.

"பச்சப்பா! டீ பிரேக்ல இருக்கறேன்."

காவேரியிடம் பச்சை என்று கத்தினேன். பிறகு போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, காலையிலிருந்து வராத வார்த்தையைச் சொன்னேன். "குழலி, நான் தூக்கிப் போட்டது தப்பும்மா."



"அதான் தலைல வெச்சிக்கினு வந்தியேப்பா," என்றாள். "அப்பவே சொல்லிட்ட."