பிரித்து வைத்த பிரேக்

கரையின் அடியில் நின்று நிமிர்ந்து பார்த்தால் நீர்த்தேக்கம் தெரியாது. புல்தான் தெரியும். பச்சைச் சுவர் ஒன்று வானத்தில் சாய்ந்து தூங்குவதுபோல் இருக்கும். அந்தச் சுவருக்குப் பின்னால், தன் தலைக்கும் மேலே, அத்தனை தண்ணீரும் சத்தமில்லாமல் நின்றுகொண்டிருக்கிறது என்ற நினைப்பு பெரியவருக்கு அவ்வப்போது வரும். வந்தால் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொள்வார்.

பெரியவர் என்பது வயதினால் வந்த பெயர் அல்ல. அவருக்கு நாற்பதுதான் ஆகியிருந்தது. அந்த வீட்டின் மூத்த மகளைக் கட்டியவர் என்பதால் பெரியவர். இளையவளைக் கட்டியவர் சின்னவர். மாமனாரின் ஒரே டிராக்டரை இரண்டு சகலைகளும் பங்கு போட்டு ஓட்டினார்கள். காலையில் கரையின் மேல்புறத்தை ஒட்டியிருந்த மரக்கன்றுப் பண்ணையில் பெரியவர் ஓட்டுவார். பிறகு வண்டியைக் கரை உச்சியில் நிறுத்திவிட்டு, கையில் பிடித்துப் புல் வெட்டும் எந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்கிவிடுவார். சின்னவர் வந்து, டிராக்டருக்குப் பின்னால் புல்வெட்டியைப் பூட்டிக்கொண்டு சரிவில் புல் வெட்டுவார். ஒருவர் இறங்கி ஒருவர் ஏறும் அந்த இடத்தில் இருவரும் சந்திப்பதே இல்லை. சந்தித்தாலும் பேசுவதில்லை.

போன மழைக்காலத்தில் சின்னவர் ஒரு கிடங்கில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் லாரி கிடங்கின் கதவில் மோதியது, வேலை போயிற்று. அந்த வாரமே குடும்பமாகச் சாப்பிட உட்கார்ந்தபோது, "பாவம், அவருக்கு பிரேக் எங்க இருக்குன்னே யாரும் சொல்லிக் குடுக்கல" என்றார் பெரியவர். இலேசாகத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். சின்னவரின் மனைவியும் சிரித்துவிட்டாள். சின்னவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். அதோடு முகம் பார்த்துப் பேசுவது நின்றது.

வாய் நின்றாலும் வேலை நிற்குமா? டீசல் குறைவாக இருக்கிறது, பெல்ட் தேய்ந்திருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்கு சின்னவள் இருந்தாள். பெரியவர் அவளுக்குப் போன் செய்வார், அவள் புருஷனுக்குச் சொல்வாள். இரண்டு நாட்டுத் தூதர் வேலையை ஒற்றை ஆளாகப் பார்க்கிறேன், எனக்கு ஒரு கொடி வைத்த கார்கூட இல்லையே என்று அவள் அக்காவிடம் புலம்புவாள்.

அன்று வானம் காலையிலிருந்தே கறுத்திருந்தது. மழைக்கு முன் கரை முழுவதும் வெட்டி முடிக்க வேண்டும் என்று நீர்த்தேக்க அலுவலகத்து இன்ஜினியரம்மா சொல்லியிருந்தார். புல் உயரமாக இருந்தால் கரையில் எங்கே கசிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. சின்னக் கசிவைத் தாமதமாகப் பார்த்தால் அப்புறம் பார்க்கக் கரையே இருக்காது என்பது அவர் வாடிக்கையாகச் சொல்வது.

சாய்வு குறைந்த ஓரப் பகுதியைச் சின்னவர் முடித்திருந்தார். குறுக்கே ஓட்டினால் வண்டி உருண்டுவிடும் என்பதால், அந்தக் கரையில் மேலிருந்து கீழாக நேரே இறங்கித்தான் வெட்ட வேண்டும். அடிவாரம் வந்ததும் ஓரத்துச் சாய்பாதை வழியாகச் சுற்றி மேலே ஏறி, மறுபடி இறங்க வேண்டும். எல்லாவற்றிலும் சிறிய கியரில், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறக்குவார்கள். அப்போது கிளட்ச்சைத் தொடவே கூடாது. தொட்டால் எஞ்சினின் பிடி விட்டுப்போகும். இனி மிச்சம் இருந்தது நடுப்பகுதி. அங்கேதான் கரை செங்குத்தாக நின்றது.

பெரியவர் எந்திரத்தில் பெட்ரோல் ஊற்ற அதை நிறுத்தினார். காதுக்குள் திடீரென்று அமைதி வந்து உட்கார்ந்தது. அந்த அமைதியில்தான் போன் அடிப்பது கேட்டது. சின்னவள்.

சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். மழை வருமா என்று கேட்டாள். பிறகு, ஏதோ நல்ல செய்தி சொல்பவள்போலக் குரலைத் தழைத்துக்கொண்டாள்.

"மாமா, நீங்க செஞ்சது அவருக்கு ரொம்ப சந்தோஷம். வாய் விட்டு சொல்ல மாட்டாரு, உங்களுக்குத்தான் தெரியுமே."

"நான் என்னம்மா செஞ்சேன்?"

"பிரேக்கை பிரிச்சு வேலை பாத்தீங்களே. இன்னைக்கு நடுச்சரிவுல தைரியமா இறங்கலாம், பிரேக் புதுசாட்டம் இருக்கும்னு சொல்லிட்டுப் போனாரு."

பெரியவருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது.

டிராக்டரில் வலது காலடியில் இரண்டு பிரேக் பெடல்கள் உண்டு. ஒன்று இடப்பக்கச் சக்கரத்துக்கு, மற்றது வலப்பக்கச் சக்கரத்துக்கு. இரண்டையும் சேர்த்து ஒரு சின்னக் கொக்கி பிடித்திருக்கும். மரக்கன்று வரிசைகளுக்கு இடையே நெருக்கித் திரும்ப வேண்டுமென்றால் அந்தக் கொக்கியை எடுத்துப் பெடல்களைப் பிரித்துவிடுவார்கள். ஒரு சக்கரத்தை மட்டும் மிதித்தால் வண்டி நின்ற இடத்திலேயே சுழலும். காலையில் பெரியவர் அதைத்தான் செய்தார். "பிரேக்கை பிரிச்சு விட்டிருக்கேன், சொல்லிடும்மா" என்று சின்னவளிடம் சொன்னார். கொக்கியை மாட்டிக்கொள்ளட்டும் என்று அர்த்தம். சொல்லாமலே விளங்கும் என்று நினைத்தார். ஆனால் பட்டறையில் பிரிச்சாச்சு என்றால் கழற்றித் துடைத்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூட்டியாயிற்று என்று அர்த்தம். சின்னவர் பட்டறைப் பேச்சில் வளர்ந்தவர். ஓரப் பகுதியில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டதால் இதுவரை பிரேக்கை மிதிக்க வேண்டியே வந்திருக்காது.

நேரில் சொல்லியிருந்தால் ஒரு வார்த்தையில், ஒரு கைக்காட்டலில் முடிந்திருக்கும்.

இரண்டும் சேர்ந்திருக்கும் நினைப்பில் கால் வலது பெடலுக்குத்தான் போகும். சரிவில் அதை மட்டும் மிதித்தால் வண்டி வலப்பக்கமாக வெட்டித் திரும்பும். செங்குத்துச் சரிவில் குறுக்கே விழும். அப்புறம் உருள ஆரம்பித்தால் அடிவாரத்துக் கான்கிரீட் வாய்க்காலில்தான் நிற்கும்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். டிராக்டர் உச்சியில், நடுப்பகுதியின் நேர் மேலே, மூக்கைக் கீழே குத்தி இறங்கத் தொடங்கியிருந்தது.

போனில் சின்னவள் "மாமா? மாமா?" என்றாள். அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சின்னவரின் போன் எப்போதும் உச்சியில் சாப்பாட்டுப் பையில் கிடக்கும். காதில் சத்தம் மறைக்கும் கவசம் போட்டிருப்பார். கத்திப் பயனில்லை.

பெரியவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். பாதி தூக்கியதும் நின்றுபோனார்.

கையைத் தூக்கினால் நிறுத்து என்று அர்த்தம். நிறுத்து என்றால் மிதிப்பான். பதறி ஓடினாலும் மிதிப்பான். தன் முகத்தில் பயத்தைப் பார்த்தாலே போதும், அவன் கால் தானாகப் போகும். அந்த லாரிக்குப் பிறகு, அந்தச் சாப்பாட்டுப் பேச்சுக்குப் பிறகு, சின்னவர் சமதரையில்கூடக் காலைப் பிரேக்குக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டுதான் ஓட்டினார். எதிரே ஒரு கோழி வந்தால் மிதிக்கிறார் என்று சின்னவளே சொல்லியிருக்கிறாள்.

தூக்கிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பெரியவர் தலையைச் சொறிந்தார்.

மெதுவாகக் கையை இறக்கினார். டிராக்டர் இறங்கும் தடத்திலிருந்து பக்கவாட்டில் விலகி, சரிவில் கொஞ்ச தூரம் ஏறி, சின்னவர் கண்ணில் படும்படி நின்றார். இயல்பாக இருக்க முயன்றார். இடுப்புக்குக் கீழே கையை வைத்து, சமையல்கட்டிலிருந்து வரும் ஒருவரைக் கூப்பிடுவதுபோல, வா, வா என்று அசைத்தார். அப்படியே வா. ஒன்றும் இல்லை. வா.

சின்னவர் பார்த்துவிட்டார். அவர் புருவம் சுருங்கியது அங்கிருந்தே தெரிந்தது. இத்தனை மாதம் தன்னைக் கண்டால் தூணைப் பார்க்கும் மனிதர் நட்டநடுச் சரிவில் நின்று சிரித்துக்கொண்டே கூப்பிடுகிறார். யாருக்குத்தான் சந்தேகம் வராது?

பெரியவர் இன்னும் கொஞ்சம் சிரித்தார். முகம் வலித்தது.

எஞ்சின் முனகிக்கொண்டே வண்டியைப் பிடித்து இறக்கியது. பின்னால் வெட்டுண்ட புல் நரைத்த கோடாக நீண்டது. பாதிச் சரிவு வந்தது. இதே வேகத்தில் வந்தால் போதும், காலுக்கு வேலையே இல்லை என்று பெரியவர் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தபோது, டிராக்டரின் முன்னால் புல்லின் நிறம் மாறியிருப்பதைக் கண்டார். அந்த இடம் மட்டும் அடர்ந்து, கரும்பச்சையாக, மினுமினுப்பாக இருந்தது. இன்ஜினியரம்மா தேடிக்கொண்டிருந்த கசிவு அதுதான். புல்லுக்குள் சேறு.

பின்சக்கரங்கள் அதில் ஏறியதும் பிடி விட்டது. எஞ்சின் சத்தம் மாறாமலே வண்டி மட்டும் வேகமாயிற்று. ஓடுவது நின்று வழுக்குவது தொடங்கியது. சின்னவரின் முழங்கால் மடிந்து எழுவதைப் பெரியவர் பார்த்தார். பாதம் வலது பெடலின் மேல் போய் நின்றது.

யோசிக்க நேரமில்லை. பெரியவர் தன் வலது காலைத் தூக்கினார். முழங்கால் வயிற்றில் படும் அளவுக்குத் தூக்கி, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, சரிவில் ஒற்றைக்காலில் நின்றார். கொக்கு நிற்பதுபோல் நின்று, அந்தப் பாதத்தை ஒரு கையால் அடித்து அடித்துக் காட்டினார். காலை எடு. காலை எடு. வாய் எதையோ கத்திக்கொண்டிருந்தது. என்ன கத்தினார் என்று அவருக்கே பிறகு நினைவில்லை.

சின்னவரின் பாதம் ஒரு நொடி அழுந்தியது. டிராக்டரின் மூக்கு வலப்பக்கம் வெட்டி இழுத்தது. ஒருபக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பியதா, எழும்பவில்லையா என்று சொல்ல முடியாத ஒரு கணம்.

பிறகு பாதம் பெடலை விட்டு விலகியது. முழங்கால் உயர்ந்து, பெரியவரைப்போலவே, காலைத் தூக்கிக்கொண்டு சின்னவர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் ஸ்டியரிங்கை நேரே கீழ்நோக்கிப் பிடித்திருந்தன. ஒரு சரிவில் இரண்டு சகலைகள், இருவரும் ஒற்றைக்காலோடு.

சேறு முடிந்து காய்ந்த புல் வந்ததும் டயர்கள் பற்றின. வண்டி உதறியது. எஞ்சின் மறுபடி பாரத்தைத் தாங்கி முனகியது. சின்னவர் பெரியவரைத் தாண்டி, மெதுவாக, மிக மெதுவாக இறங்கி, சரிவு சமமாகும் இடத்தில், வாய்க்காலுக்கு இப்பால் நின்றார். புல்வெட்டி நின்றது. எஞ்சின் நின்றது.

பெரியவர் கீழே ஓடி வந்தபோது சின்னவர் இருக்கையிலேயே குனிந்து தன் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பெடல்களும் தனித்தனியே நின்றன. கொக்கி ஓரத்தில் மடிந்து கிடந்தது. காதுக் கவசத்தைக் கழற்றினார்.

"பிரிச்சேன்னா இப்படிப் பிரிச்சேன்னு சொல்ல மாட்டீங்களா?"

"சொன்னேனே."

"யார்கிட்ட?"

பெரியவர் குனிந்து கொக்கியை மாட்டினார். மிதிக்கச் சொன்னார். சின்னவர் மிதித்தார், இரண்டு பெடலும் சேர்ந்து இறங்கின. இன்னொரு முறை மிதிக்கச் சொன்னார். தேவையே இல்லாமல் மூன்றாவது முறையும்.

சட்டைப்பையில் சின்னவளின் குரல் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. பெரியவர் போனை எடுத்து, ஒன்றும் இல்லையம்மா, பேசிக்கொண்டிருக்கிறோம் என்றார். யாரோடு என்று கேட்டாள் சின்னவள்.

இன்ஜினியரம்மாவுக்கும் சொன்னார்கள். நடுச்சரிவில் இனி டிராக்டர் இறங்காது, மிச்சத்தைக் கையால் வெட்டுகிறோம், கசிவு இருக்கும் இடத்தில் கொடி நட்டு வைக்கிறோம் என்று பெரியவர் சொன்னார். அந்தம்மா உடனே வருவதாகச் சொன்னார்.

சின்னவர் இறங்கி வாய்க்கால் விளிம்பில் உட்கார்ந்தார். வலது காலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"சகலை," என்றார், "கொஞ்ச நேரம் ஏதாவது பேசிட்டிருங்க. வாயை மூடினா மறுபடி சரிவுல இருக்கிற மாதிரி இருக்கு."

பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வானத்தைப் பார்த்தார். மழை, டீசல், பெல்ட் என்று மனசுக்குள் தேடினார். எல்லாம் சின்னவள் வழியாகப் பேசித் தீர்த்துவிட்டவை. மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

"அன்னைக்கு அந்த லாரியில என்ன ஆச்சு?"

சின்னவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். கிண்டல் இருக்கிறதா என்று முகத்தில் தேடினார். வெகுநேரம் தேடினார்.

"மிதிச்சேன், சகலை," என்றார். "ரெண்டு காலாலயும் மிதிச்சேன். பிரேக் பிடிக்கல."