2207-ஆம் எண்ணில் நான் எழுதியது

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. "படிச்சிட்டேன்க்கா" என்பதுதான் அந்தப் பொய். நாற்பது பக்க விதிக் கையேட்டை அக்கா என் மேசையில் வைத்திருந்தாள். மூன்றாம் பக்கத்திலேயே முட்டிக்கொண்டு நின்றேன். புரியவில்லை என்று கேட்டால் நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் என்பது நினைவுக்கு வரும். அவளுக்கு இல்லை, எனக்கு.

(முதலில் "அது ஒரு மழைக்கால மாலை" என்று தொடங்கியிருந்தேன். மழையே பெய்யவில்லை. அதன் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன்.)

2

அக்கா என்றால் பெரியம்மா மகள். ஆய்வு நூலகத்தின் பின்னறையில் ஒரு பட்டியலைப் பராமரிக்கிறாள். செடி கொடிகளின் இலையில் வரும் நோய்கள், எது எதன் வகை, எது எதனால் வருகிறது என்று கோத்து வைத்த பட்டியல். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பல நாட்டு ஆய்வாளர்கள் தங்கள் பதிவேடுகளில் நோயின் பெயரை எழுதுவதில்லை, எங்கள் எண்ணை மட்டும் எழுதுகிறார்கள். இருபது வருடம் கழித்து அந்த எண்ணைத் தட்டினாலும் எங்கள் பக்கம் திறந்து அதே பொருளைச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் எங்களுக்கு இரண்டு மேசை, ஒரு மின்விசிறி, கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர். அவர் தண்ணீர் குடிக்கப் போனாலும் கதவைப் பூட்டிவிட்டுப் போவார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பூட்டு.

அவளுக்கு உதவியாக நான் சேர்ந்ததும், பட்டியலுக்குள் நுழைய என் பெயரில் கணக்குத் திறக்க ஒரு படிவம் வந்தது. அதில் 'கல்வித் தகுதி' என்று ஒரு கட்டம். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "விடு, என் பேர்லயே உள்ள போய் வேலையப் பாரு" என்றாள்.

3

[விலக்கப்பட்டது. இதில் நான் அழுததாக எழுதியிருந்தேன். அழவில்லை. காண்க: 4.]*

* எங்கள் பட்டியலின் வழக்கம் இது. எதையும் அழிக்கக் கூடாது. ஒரு பொருள் தவறென்று தெரிந்தால் 'விலக்கப்பட்டது' என்று குறித்து, எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று காட்டிவிட்டு, எண்ணை அப்படியே விட்டுவிட வேண்டும். அது இனி வேறு எதற்கும் கிடையாது. கையேட்டின் ஏழாம் பக்கம். இப்போது எனக்கு மனப்பாடம்.

4

பட்டியலை இதுவரை தன் கணினியில் வைத்திருந்த நிறுவனம் கையை விரித்துவிட்டது. எல்லாவற்றையும் இங்கே மாற்றினோம். ஒவ்வொரு எண்ணும் திறக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே என் வேலை. நாற்பத்தொரு இடங்களில் பொருள் இல்லாமல் ஒற்றை வரி மட்டும் கிடந்தது. அக்காவின் மேசையிலோ புதிய நோய்கள் நாற்பத்தொன்று எண்ணுக்காகக் காத்திருந்தன. கணக்கு இவ்வளவு அழகாக ஒத்துவந்தால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? அக்கா விடுப்பில் இருந்த இரண்டு நாளில் புதிய நோய்களை அந்த எண்களில் நிரப்பி முடித்தேன்.

திரும்பி வந்தவள், "இதெல்லாம் நான் எப்போ முடிச்சேன்?" என்று சிரித்தாள். நான்தான் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அன்று அது வெறும் கூச்சம்.

(இங்கே "அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது" என்று எழுதி வைத்திருந்தேன். கதையில் வருகிற அவளை என்னைவிட நல்லவளாக்கும் வேலை. அந்த ஒற்றை வரி 'விலக்கப்பட்டது' என்பதுதான். நாற்பத்தொரு முறையும் படித்தாள். சந்தேகமும் வந்தது. கேட்கவில்லை.)

5

2207 முன்பு, பூச்சி கடித்த ஓட்டை; நோயே இல்லை என்று விலக்கியிருந்தார்கள். நான் அதில் வைத்தது, வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டிய பூஞ்சை.

தொலைவில் ஒரு நாற்றுப் பண்ணையிலிருந்து கடிதம் வந்தது. பழைய பதிவேட்டில் ஒன்பது பாத்திகளுக்கு 2207 என்று இருந்ததாம். புதிதாக வந்த பணியாளர்கள் எண்ணைத் தட்டிப் பார்த்து, சொன்னபடி செய்துவிட்டார்களாம். ஆறு வருடக் கன்றுகள். கடிதத்தில் ஒரு கடுஞ்சொல் கூட இல்லை. எங்கள் பக்கத்தை இனி நம்பலாமா என்று மட்டும் பண்ணைக்காரர் கேட்டிருந்தார்.

பூட்டு நாற்பத்தொன்றையும் பழையபடி மாற்றிவிட்டார். பிறகு மாற்றங்களின் வரலாற்றைத் திறந்து தயங்கினார்.

"உங்க பேருதான் இருக்கு, மேடம்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ ஏதாவது கை வெச்சியா?"

"இல்லக்கா."

"அவ வாயில்லாப் பூச்சி. இல்லேன்னா இல்லதான்" என்று அவரிடம் சொன்னாள். பிறகு திரையில் தன் பெயரையே வெகுநேரம் பார்த்தாள். "அப்போ நான்தான் பண்ணியிருக்கேன். ஞாபகமே இல்லையே."

அன்றிலிருந்து அவள் சாவியை எங்கே வைக்கிறாள் என்பதைத் துண்டுத் தாளில் எழுதி வைக்கிறாள். நேற்று என்னிடம், "நேத்து சாப்பிட்டேனா நான்?" என்று கேட்டாள். வேடிக்கையாகத்தான் கேட்டாள். நான் பதில் சொல்லும்வரை சிரிக்கவில்லை.

6

ஒரு முடிவு: பெண் ஒப்புக்கொள்கிறாள், அக்கா கட்டி அணைத்துக்கொள்கிறாள். எங்கள் அக்கா கட்டி அணைக்கிற ரகம் இல்லை. தலையில் ஒரு குட்டு வேண்டுமானால் விழும்.

இன்னொன்று: பெண் நாற்றுப் பண்ணைக்குக் கடிதம் எழுதுகிறாள், அவர் பெருந்தன்மையாக... இல்லை. மன்னிப்பை நானே எழுதி நானே வாங்கிக்கொள்வதா?

மூன்றாவதாக, காலம் எல்லாவற்றையும்

(காலம் ஒன்றும் செய்யாது. அக்கா மருத்துவரிடம் நாள் வாங்கியிருக்கிறாள்.)

7

இன்று மதியம் கையால் எழுதிய ஒரு பக்கத்தைக் கொடுத்தாள். "நீதான் பிழையில்லாம அடிப்பே. நாலு மணிக்குள்ள குடு." அதில், "என் நினைவாற்றல் மீது எனக்கு நம்பிக்கை போய்விட்டதால் இப்பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன்" என்று இருந்தது. பதினேழு வருட வேலை, நான்கு வரி. பிழையில்லாமல் அடித்து, அச்செடுத்துவிட்டேன். கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

"ஆச்சாடி?"

"ஒரு நிமிஷம்க்கா."

அந்த ஒரு நிமிடத்தில்தான் இந்தக் கடைசி வரிகளை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் நாற்காலி நகர்கிறது. கடிதம் இடது கையில், இந்த நோட்டு வலது கையின் கீழே. நான் எழுதியதை இதுவரை யாரும் படித்ததில்லை. நீங்கள் படிக்கிறீர்கள் என்றால் நோட்டு எப்படியோ வெளியே வந்திருக்கிறது. நானே நீட்டினேனா, எல்லாம் முடிந்தபின் யாராவது கண்டெடுத்தார்களா என்பதை எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. நீங்களே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் என்மேல் இரக்கப்பட்டு மட்டும் வைக்காதீர்கள்.

வந்துவிட்டாள். கையை நீட்டுகிறாள்.