ஒற்றைச் சொல்லுக்குப் பாதிப் பாட்டு

பாட்டு முழுக்க நான் எழுதியது. பாட வந்த பெரிய பாடகர், "'ஓடை' வாய்ல நிக்கல, 'ஆறு'ன்னு வச்சுக்கலாமா?" என்றார். சரி என்றேன். அந்த ஒற்றைச் சொல்லுக்காக, பாட்டு எழுதியவர் என்ற இடத்தில் என் பேருக்குப் பக்கத்தில் தன் பேரையும் போட்டு மறுநாள் படிவம் அனுப்பினார். பாட்டு எங்கே ஒலித்தாலும் எழுதியவருக்கு ராயல்டி உண்டு. அதில் பாதி இனி அவருக்காம். தூ!

இசையமைத்தவன் என் சொந்தத் தம்பி.

"கையெழுத்துப் போட்டுடுக்கா. இல்லன்னா பாட மாட்டாராம். எல்லார்கிட்டயும் இப்படித்தான் வாங்குறார்."

"ஊரே எச்சில் தின்னா நானும் திங்கணுமா? நான் பெத்த பிள்ளைக்கு எவனோ இனிஷியல் போடுவானா?"

படிவத்தைக் கிழித்துப் போட்டேன். தம்பி கிளம்பிப் போய்விட்டான்.

பாட்டு அவர் குரலிலேயே வந்தது. ஆள் இறங்கி வந்துவிட்டார் என்று நினைத்தேன், பைத்தியக்காரி.

பாடல் உரிமைகளைப் பதிகிற அலுவலகத்துக்கு வேறு வேலையாகப் போனபோது, அங்கிருந்த அம்மாள் இந்தப் பாட்டின் கோப்பைத் திருப்பிக் காட்டினார். புதுப் படிவம். எழுதியவர்கள் இரண்டு பேர். அடியில் என் கையெழுத்து, அதற்குக் கீழே இரண்டு புள்ளி.

நான் புள்ளி வைப்பதில்லை. அப்பாதான் வைப்பார். பள்ளிக்கூட நாளில் தம்பி மார்க் குறைந்து வந்தால், அவன் அட்டையில் அப்பா கையெழுத்தை நான்தான் திருட்டுத்தனமாகப் போடுவேன். "புள்ளிய மறந்துடாதக்கா" என்று பக்கத்தில் நின்று ஞாபகப்படுத்துவான். சீ என்றிருந்தது. அவனை நினைத்து மட்டுமல்ல.

"உங்க கையெழுத்து இல்லன்னா எழுதிக் குடுங்கம்மா, பதிவை நிறுத்திடறோம். யார் மேல சந்தேகம்னும் எழுதணும். விசாரணை வரும், யோசிச்சுக்கோங்க."

வராந்தாவுக்கு வந்து தம்பிக்கு ஃபோன் போட்டேன்.

"ஆமாக்கா, நான்தான். வேற வழி தெரியல," என்றான். கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. "நீ எனக்காக அப்பா கையெழுத்தப் போடலையா? நமக்குள்ள என்னக்கா?"

"போட்டேன்டா. அன்னைக்கே என் கையை உடைச்சிருக்கணும்."

"அக்கா, அசிங்கமாயிடும்க்கா."

"ஆயிடுச்சுடா."

உள்ளே போனேன். இது என் கையெழுத்து அல்ல என்று எழுதினேன். போட்டவன் பேரையும், அவன் எனக்கு என்ன உறவு என்பதையும் எழுதினேன். அடியில், புள்ளி வைக்காமல், என் கையெழுத்தைப் போட்டேன்.